இரண்டாம் நடை

ஜூன் மாதம் பிரான்சுக்குக் கிளைடர்களை அனுப்பியதிலிருந்து, அந்த விமானத்தளத்தின் தரைப்பணிக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை உடும்புப்பிடியாக ஒட்டிக்கொண்டது. முதல் நடையில் போகிறவன் செத்தான், இரண்டாம் நடையில் போகிறவன் பிழைத்தான். இதை எந்த அதிகாரியும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. இருட்டில் முதலில் இறங்கிய கிளைடர்கள், எதிரி வயலில் நட்டுவைத்திருந்த கம்பங்களில் மோதிச் சிறாய் சிறாயாகப் போயின. அன்று சாயங்காலம் போனவையோ, முன்னால் போனவர்கள் உயிரைக் கொடுத்துச் சுத்தம் செய்த நிலத்தில் அலுங்காமல் இறங்கின. தேநீர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று மூன்று மாதம் இதையே பேசிப் பேசி, கடைசியில் அது வேதவாக்காகிவிட்டது.

எட்னா புளூரும் அதை நம்பினாள். போரின் ஐந்தாவது வருடத்தில் நம்புவதற்கு வேறு என்ன மிச்சமிருந்தது?

அவள் பெண்கள் விமானப்படையில் கார்ப்பரல். புறப்படும் நாளன்று காலை கிளைடர்களைத் தட்டிப் பார்ப்பது அவள் வேலை. கிளைடர் என்பது முழுக்க ஒட்டுப்பலகையும் பசையும். எஞ்சின் கிடையாது. ஒரு பெரிய விமானம் வடம் கட்டி இழுத்துக்கொண்டு போகும். இடம் வந்ததும் வடத்தை விட்டுவிட்டுச் சிப்பாய்களோடு கீழே இறங்க வேண்டியதுதான். திரும்பி வருகிற பேச்சே இல்லை. கோடை முழுதும் மழையில் நின்றால் பலகையின் அடுக்குகளுக்கு நடுவே பசை விட்டுப்போகும், வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. திருப்புளியின் மரப்பிடியால் தட்டினால் நல்ல பலகை ‘டக்’ என்று பதில் சொல்லும். பசை விட்ட பலகை ‘தொப்’ என்னும். எட்னா போருக்கு முன் ஸ்டோக் நகரத்துப் பீங்கான் ஆலையில் தட்டுகளைத் தட்டிப் பார்த்து விரிசல் விழுந்ததைக் கழித்துப் போட்டவள். அவள் ‘தொப்’ என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. சார்ஜெண்ட் காஸ்கின் அந்தக் கிளைடரை வரிசையிலிருந்து இழுத்துப் புல்தரையில் தள்ளிவிடுவார். எவ்வளவு பெரிய அதிகாரி வந்து கத்தினாலும் அன்றைக்கு அது மீண்டும் வரிசைக்கு வராது.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை சிப்பாய்கள் சாமான் ஏற்ற வந்தார்கள். எட்னாவின் தம்பி வில்ஃபும் அவர்களில் ஒருவன். அம்மா செத்தபோது அவனுக்கு எட்டு வயது. சட்டைக்குப் பொத்தான் தைத்தது, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்தது, பள்ளிக்கூடத்து அடிதடிக்குப் போய் மன்னிப்புக் கேட்டது எல்லாம் அக்காதான். அவளுக்கு இந்த உலகத்தில் சொந்தம் என்று சொல்ல அவன் ஒருவன்தான்.

அவன் கிளைடரின் வயிற்றில் ஓங்கி ஒரு அடி அடித்தான்.

“அக்கா, இதுவா எங்க வண்டி? நம்ம வீட்டுக் கோழிக்கூடு இதைவிட உறுதியா இருக்குமே.”

“கோழிக்கூட்டுக்கு நீ அடிச்ச ஆணி பூராவும் கோணல். முதல்ல கையை எடு.”

“தட்டிப் பாத்துட்டியா?”

“நாளைக்குக் காலைல.”

“நல்லா பாரு. எங்க கும்பல்ல ஆல்ஃபின்னு ஒருத்தன் இருக்கான். மேல போனா வாந்தி எடுக்கற வரைக்கும் பாடுவான். அவன் பாட்டுக்கே பசை விட்டுடும்.”

அவள் சிரித்துவிட்டு, கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டாள். “எந்த நடையில போறே?”

“முதல் நடை,” என்றான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. “எங்கேன்னு கேக்காதே, சொல்லக் கூடாது. ஆனா நாங்கதான் முதல்ல.”

“பந்திக்குத்தான்டா முந்தணும். படைக்குப் பிந்தணும்.”

“போக்கா. நீ சொல்றதைக் கேட்டா பட்டாளம் நடத்த முடியுமா?”

அவன் போய்விட்டான். ஜூனில் அவள் தட்டி அனுப்பிய முதல் நடைப் பையன்களின் முகங்கள் ஒவ்வொன்றாக எட்னாவின் கண் முன்னால் வந்தன. அன்றைக்கும் அவள் பலகை நன்றாகத்தான் இருந்தது. நல்ல பலகையில் உட்கார்ந்துதான் செத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வானம் தெளிவாக இருந்தது. ஓடுபாதையில் கிளைடர்கள் ஜோடி ஜோடியாக நின்றன. முன்னால் வடங்கள் வளைத்து வளைத்துக் கிடந்தன. இரண்டு உபரிக் கிளைடர்கள் இருந்தன. ஒன்று பயிற்சியில் மூக்கை உடைத்துக்கொண்டது, மற்றொன்று விடியற்காலையிலேயே வேறொரு படைப்பிரிவுக்குப் போய்விட்டது. இனி எதையாவது வரிசையிலிருந்து எடுத்தால் மாற்று கிடையாது, அதில் போக வேண்டியவர்கள் மறுநாள் இரண்டாம் நடையில்தான் போக வேண்டும். எட்னாவுக்கு இது தெரியும். அவளோடு வடம் இழுக்கிற மேவிஸ்தான் தேநீரோடு சேர்த்து அந்தச் செய்தியையும் கொண்டுவந்தாள்.

வில்ஃபின் கிளைடரை அவள் மூக்கிலிருந்து தட்டிக்கொண்டு வந்தாள். டக், டக், டக். அந்த வருடம் அவள் தட்டியதிலேயே நல்ல பலகை அதுதான். கொஞ்சம் தள்ளிப் புல்லில் சிப்பாய்கள் படுத்துக் கிடந்தார்கள். வில்ஃப் பூட்ஸைக் கழற்றிக் காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தான். காலுறையின் குதிகாலில் ஓட்டை. இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில் அவள் கை நின்றது.

“இங்க தொப்புங்குது, சார்ஜெண்ட்.”

காஸ்கின் வந்தார். முப்பது வருடம் எஞ்சின் சத்தத்தில் வாழ்ந்த மனிதர். அவர் காதுக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனாலும் தட்டிப் பார்த்தார்.

“நிச்சயமா?”

“நிச்சயம்.”

அவள் குரல் நடுங்கக்கூட இல்லை. பொய் சொல்ல இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. டிராக்டர் வந்து கிளைடரின் வாலைப் பிடித்து இழுத்தது. சிப்பாய்களின் லெஃப்டினண்ட் ஓடிவந்தார். சின்ன வயது, கழுத்தெல்லாம் சிவந்துபோயிருந்தது.

“சார்ஜெண்ட், என் ஆளுங்க ஒரு வாரமா காத்துக்கிட்டிருக்காங்க.”

“ஐயா,” என்றார் காஸ்கின், “அங்க போய்ச் செத்தா உங்க பொறுப்பு. வழியிலயே செத்தா என் பொறுப்பு. என் பொறுப்பை நான் பாத்துக்கறேன். நாளைக்குப் போங்க.”

சிப்பாய்கள் திட்டினார்கள். ஸ்டோக்கில் அப்படித் திட்டினால் பொதுவாக ஒரு பல்லாவது போகும். எட்னா பயந்தது வில்ஃபுக்குத்தான். அவன் கண்டுபிடித்துவிடுவான் என்று நினைத்தாள். அவனோ எழுந்து நின்று மற்றவர்களை அதட்டினான்.

“வாயை மூடுங்கடா. எங்க அக்கா காது எப்படிப்பட்டதுன்னு உங்களுக்குத் தெரியாது. ராஜா சாப்பிடற தட்டைக்கூட வேணாம்னு தூக்கிப் போட்ட காது. அவ சொன்னா சொன்னதுதான்.”

அந்த நம்பிக்கை அவளைக் குத்தியது. கண்டுபிடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

முதல் நடை புறப்பட்டுப் போனது. வடம் ஒவ்வொன்றாக விறைத்து, கிளைடர்கள் ஒவ்வொன்றாக எழும்பி, தளம் காலியாயிற்று. மத்தியானம் தச்சர்கள் வந்து புல்தரையில் நின்ற கிளைடரில், அவள் கை வைத்த இடத்துக்குப் பின்னாலிருந்த மூடியைக் கழற்றினார்கள். காஸ்கின் தலையை உள்ளே விட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும் தச்சர்களைத் தேநீர் குடிக்கப் போகச் சொன்னார்.

“கல்லு மாதிரி இருக்கு பலகை,” என்றார்.

எட்னா கழற்றிவைத்திருந்த மூடியைக் கையில் எடுத்தாள்.

“உன் தம்பி எந்த வண்டியில?”

“இதுலதான்.”

காஸ்கின் புகைக்குழாயை எடுத்தார், பக்கத்தில் பெட்ரோல் இருப்பது ஞாபகம் வந்து திரும்பவும் பையில் போட்டார். “எனக்குத் தம்பி கிடையாது. இருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்குத் தெரியல. ஆனா அவனோட இன்னும் இருபது பேரு உக்காந்திருந்தானுங்க, அவனுங்க போகாததால அங்க மத்தவனுங்க ஆள் குறைவா நிக்கறானுங்க. அதை நினைச்சியா?”

“நினைக்கல.”

“நாளைக்குக் காலைல நீதான் தட்டப் போறே. நான் பக்கத்துல நிப்பேன்.”

மேலிடத்தில் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளைச் சிறையில் போட்டிருப்பார்கள், கிளைடர் எப்படியும் மறுநாள் போயிருக்கும்.

சாயங்காலம் இழுவை விமானங்கள் திரும்பி வந்தன. போனவை அத்தனையும் வந்தன. ஒன்றின் மேலும் ஒரு கீறல் இல்லை. மேவிஸ் மூச்சிறைக்க ஓடிவந்தாள்.

“ஏய், அங்க ஈ காக்கா இல்லையாம். நம்ம கிளைடரெல்லாம் ஒழுங்கா வயல்ல வரிசையா நிக்குதாம். மாடுங்க மட்டும் மிரண்டு ஓடுச்சாம்.”

எட்னாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. முதல் நடையே இப்படி என்றால் இரண்டாம் நடை எப்படி இருக்கும்? மாடுகள்கூடப் பழகியிருக்கும். அன்று ராத்திரி அவள் உருளைக்கிழங்கை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். மூன்று மாதத்தில் அவள் பசித்துச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். பொய் சொன்னதுகூட வீண் என்று தோன்றியது, வீணாகப் போனதில் அவளுக்குப் பரம சந்தோஷம். பாவி, அந்தச் சந்தோஷமாவது முழுசாக ஒரு நாள் நிலைத்ததா என்றால் அதுவும் இல்லை.

திங்கட்கிழமை மூடுபனி. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. கிளைடர்கள் வரிசையில் நின்று சொட்டிக்கொண்டிருந்தன. சிப்பாய்களுக்குப் பொழுது போகவில்லை. சாக்பீஸால் கிளைடரின் பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘தாமதத்துக்கு மன்னிக்கவும்’ என்று எழுதினார்கள். காஸ்கின் சொன்னபடி வந்து பக்கத்தில் நின்றார். எட்னா மூக்கிலிருந்து வால் வரை தட்டினாள், இறக்கையின் அடியில் இரண்டு முறை தட்டினாள்.

“நல்லா இருக்கு, சார்ஜெண்ட்,” என்றாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மனசார.

வில்ஃபுக்கு முகம் உம்மென்று இருந்தது. முந்தின நாள் போனவர்கள் அவனைக் கேலி செய்யப் போவதை நினைத்துக்கொண்டிருந்தான்.

“நேத்தே போயிருந்தா இந்நேரம் ஒரு டச்சுக்காரி வீட்டுல முட்டை சாப்பிட்டுட்டு இருப்பேன். உன்னால போச்சு.”

“முட்டை எங்கயும் ஓடிப் போகாது. காலுறையை மாத்தினியா?”

“மாத்தல. ஓட்டை வழியா காத்து வரட்டும்.”

“வாந்தி வந்தா பையில எடு. முன்னால உக்காந்திருக்கிறவன் பூட்ஸ் மேல எடுக்காதே.”

“அதெல்லாம் ஆல்ஃபி வேலை,” என்றான். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தான். “கோவமெல்லாம் இல்லக்கா. ராத்திரி சாப்பாட்டுக்கு என்னை எதிர்பாக்காதே, அவ்வளவுதான்.”

கதவை வெளியிலிருந்து அவள்தான் சாத்தினாள். உள்ளே ஏற்கெனவே ஒருவன் பாட ஆரம்பித்திருந்தான். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் பனி விலகியது. வடம் விறைத்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கிளைடர் எழும்பிப் போனது.

அன்று சாயங்காலம் திரும்பி வந்த விமானங்களை மேவிஸ் எண்ண ஆரம்பித்து நடுவிலேயே விட்டுவிட்டாள். ஒன்று ஒரு எஞ்சினில் வந்தது. ஒன்றின் வால் சல்லடையாக இருந்தது. இறங்கினவர்கள் யாரிடமும் பேசாமல் நடந்தார்கள். வால்பக்கத்துத் துப்பாக்கிக்காரன் ஒருவன் மட்டும் தன் விமானத்துக்கு அடியில் புல்லில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு மீசை சரியாக வரவில்லை. எட்னா தேநீரைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“நீங்க எதை இழுத்துட்டுப் போனீங்க?”

“நம்பர் ஞாபகம் இல்லம்மா. என்னவோ மன்னிப்பு கேட்டு எழுதியிருந்துச்சே, அது.”

அவள் அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

“எனக்கு இடம் வால்ல. பின்பக்கமாத்தான் பாத்துட்டு உக்காந்திருப்பேன்,” என்றான் அவன். “மூணு மணி நேரத்துக்கு மேல அதோட மூஞ்சியைத்தான் பாத்துட்டு வந்தேன். நேத்து அங்க ஒருத்தனும் இல்ல. நேத்து நாம இறங்கினதைப் பாத்துட்டு ராத்திரியோட ராத்திரியா துப்பாக்கியெல்லாம் கொண்டுவந்து வெச்சிட்டான். வயல் ஓரம் பூரா. மரத்துக்கு மரம்.”

“கிளைடர்?”

“வடத்தை ஒழுங்கா விட்டாங்க. ஒழுங்காத்தான் திரும்புச்சு. பாதி இறங்கறப்ப தீப்பிடிச்சுது. மரம்தானே.” அவன் தேநீரைக் குடிக்காமல் கோப்பையைப் பார்த்தான். “தரைக்குப் போய்ச் சேந்தப்போ அது கிளைடராவே இல்ல.”

“யாராவது வெளிய வந்தாங்களா?”

“இல்லம்மா. நாங்க வட்டம் அடிச்சோம். இருந்தா பாத்திருப்பேன்.” பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். “தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தாங்களா?”

“நான்தான் அதைத் தட்டிப் பாத்து அனுப்பினேன்.”

“அப்போ உனக்கு ஒண்ணு சொல்றேன்,” என்றான் அவன், ஆறுதல் சொல்கிற நினைப்பில். “நல்ல வண்டி. அவ்வளவு அடி வாங்கியும் இறக்கை கழலல. எரியற வரைக்கும் ஒரு பலகை விட்டுக்கொடுக்கல.”

எட்னா கண்ணீர் விடாமல் கம்பீரமாக எழுந்து போனாள் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. அவள் அப்படிப் போகவில்லை. அந்தப் புல்லிலேயே குப்புறக் கவிழ்ந்து, வாயில் மண் போகும்படி அழுதாள். மேவிஸ் வந்து தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போயிருந்தால் அவன் உயிரோடு இறங்கியிருப்பான். முட்டை சாப்பிட்டிருப்பான். பிறகு என்ன ஆகியிருப்பானோ, அது வேறு கதை, ஆனால் இறங்கியிருப்பான். அவனையும் அவனோடு இருபது பேரையும் நல்ல நாளிலிருந்து பிடுங்கிக் கெட்ட நாளில் நட்டவள் அவள்தான். இதற்கு யார் வந்து என்ன சமாதானம் சொல்ல முடியும்?

கடைசியில் காஸ்கின் வந்தார். அவருக்கு விஷயம் எட்டியிருந்தது. பக்கத்தில் வெறும் தரையில் சிரமப்பட்டு உட்கார்ந்தார்.

“உன்னைத் தட்டச் சொன்னவன் நான்,” என்றார். “இன்னிக்கு அதை நிறுத்தி வெச்சிருக்கலாம். உனக்குப் பாடம் கத்துக்கொடுக்கறதா நினைச்சிட்டேன்.”

“நீங்க சொல்லாட்டியும் நான் நல்லா இருக்குன்னுதான் சொல்லியிருப்பேன், சார்ஜெண்ட். சந்தோஷமா சொன்னேன். கேட்டீங்கல்ல?”

“கேட்டேன்.”

“வீட்டுல சொல்றதுக்குக்கூட யாரும் இல்ல. எங்களுக்கு நாங்க ரெண்டு பேருதான்.”

காஸ்கின் தலையை ஆட்டினார். நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம் என்றார். அவள் சரி என்றாள், ஆனால் காலையில் மற்றவர்களுக்கு முன்னால் எழுந்து வந்து நின்றாள். தங்கும் கொட்டகையில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்க அவளால் ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் நடை. இப்போது எல்லோருக்கும் தெரியும். தேநீர் வண்டியருகே யாரும் எந்தச் சித்தாந்தமும் பேசவில்லை. அங்கே இறங்குகிற வயல் இன்னும் நம் கையில் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் பதில் வரவில்லை. ஆனாலும் வடங்களை விரித்தார்கள், சக்கரங்களுக்குக் காற்றடித்தார்கள், பீரங்கியை ஏற்றிச் சங்கிலியால் கட்டினார்கள். மேலேயிருந்து நிறுத்தச் சொல்லி உத்தரவு வராதவரை செய்துகொண்டே போக வேண்டும், அதுதான் அவர்கள் வேலை.

எட்னா தட்டினாள். டக், டக். காது என்னவோ அப்படியே இருந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே ஒரு கிளைடரையாவது நிறுத்தலாமா என்று நினைத்தாள். நிறுத்தினால் அவர்களுக்கு நல்லதா கெட்டதா? நாளைக்கு இன்னொரு நடை உண்டா? யாரை எந்த நாளில் ஏற்றினால் பிழைப்பான் என்று இனி அவளுக்கு எந்த நம்பிக்கையும் இல்லை. நல்ல பலகையை நல்ல பலகை என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தாள்.

வரிசையின் நடுவில் பீரங்கிக்காரர்கள் சிலர் ஏறுவதற்குக் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவன், வாயில் சிகரெட்டோடு, அவள் தட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பயத்தை மறைக்க எதையாவது பேசியாக வேண்டிய ஆள்.

“ஏம்மா, நல்லா தட்டிப் பாத்தியா? சும்மா தாளம் போடறியா?”

“பாத்துட்டேன். நல்லா இருக்கு.”

“அப்படித்தான் சொல்லுவீங்க. உன் கூடப்பிறந்த தம்பியா இருந்தா இதுல ஏத்துவியா?”

திருப்புளி அவள் கையில் அப்படியே நின்றது. கொஞ்சம் தள்ளி நின்ற காஸ்கின் அவனைத் தடுக்க ஒரு அடி எடுத்து வைத்தார். அதற்குள் அவள் பதில் சொல்லிவிட்டாள்.

“நேத்து ஏத்தினேன்.”

சிப்பாய் வாயிலிருந்து சிகரெட்டை எடுத்தான். அவன் முகம் தெளிந்தது, சிரித்தேவிட்டான். திரும்பி மற்றவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்.

“கேட்டீங்களாடா? சொந்தத் தம்பியையே அனுப்பியிருக்காளாம். பேசாம ஏறுங்க.”

அவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். கடைசியாக ஏறினவன் அவளைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டான். எட்னா கதவைச் சாத்தி, தாழ் சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த கிளைடருக்குப் போனாள்.